அக்கா வாய் திறக்காத அரை மணி நேரம்

என் அக்கா பேருந்து நிலையத்தில் விசாரணை ஜன்னலில் முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்தவள். கண்ணாடியில் ஓர் ஓட்டை, ஓட்டைக்குப் பின்னால் அவள், அவளுக்குப் பின்னால் ஒருநாளும் சுழலாத ஒரு மின்விசிறி. யாராவது மூச்சிரைக்க ஓடி வந்து, "ஏங்க, இந்த..." என்று ஆரம்பிப்பதற்குள் கையில் இருக்கும் பையையும் முகத்தில் இருக்கும் பதற்றத்தையும் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரி பஸ் ஏழாவது மேடை, இன்னும் நாலு நிமிஷம் இருக்கு, மெதுவா போங்க" என்று சொல்லிவிடுவாள். பத்துக்கு ஒன்பது சரியாக இருக்கும். பத்தாவது ஆளுக்கும், பேசாமல் இவள் சொன்ன பஸ்ஸிலேயே ஏறிவிடலாமா என்று ஒரு சபலம் தட்டும். அவ்வளவு தெம்பாகச் சொல்வாள்.

வேலையில் வந்த பழக்கம் என்பாள். சுத்தப் பொய். சின்ன வயதிலேயே அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்னை எழுப்பிக் கேள்வி கேட்டால், எங்கள் வகுப்புகளைப் பிரித்த தட்டிக்கு அந்தப் பக்கம் இருந்து அவள் பதில் சொல்வாள். இரண்டு பேரும் சேர்ந்து வெயிலில் நின்றிருக்கிறோம். டாக்டர் என்னிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்டால் இடம் காட்டுவது அவள். எனக்குக் கல்யாணப் பேச்சு வந்தபோது முதலில் சரி என்று சொன்னதும் அவள்தான். அந்த ஆள் இப்போது என்னோடு இல்லை, அதை விடுங்கள்.

நான் அவளுக்கு ஆறு வயது இளையவள். அரசு அலுவலகங்கள் இருக்கும் தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஒரு நகல் இயந்திரம், ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஸ்டேப்ளர், நிறையக் கோபம். விண்ணப்பத்தைத் தாறுமாறாக நிரப்பிக்கொண்டு வருகிறவர்களைத் திட்டித் திருத்தி அனுப்புவதுதான் என் பிழைப்பு. 'திட்டு ஜெராக்ஸ்' என்று எனக்குப் பெயர். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு சொல்கிறார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஊரார் விண்ணப்பத்தையெல்லாம் திருத்திய நான், என் அக்கா விஷயத்தில் கோட்டை விட்டேன்.

அத்தான், அதாவது அக்காவின் கணவர், மின்சார அலுவலகத்தில் மீட்டர் ரீடர். வீடு வீடாகப் போய் மீட்டரில் ஓடிய எண்ணைக் குறித்துக்கொண்டு வருவார். எந்த வீட்டு நாயிடமும் கடி வாங்காமல் முப்பத்தைந்து வருஷம் ஓட்டியவர். அதிர்ந்து பேச மாட்டார். அவரிடம் யார் எதைக் கேட்டாலும் உடனே அக்கா பக்கம் திரும்புவார். அவள் பதில் சொல்வாள். இவர், "அதேதான்" என்று சிரிப்பார். அத்தானுடைய வாய் அக்காவிடம் இருக்கிறது என்று நாங்கள் கேலி செய்வோம். அந்தக் கேலிதான் எங்களை ஏமாற்றியது. அவருக்கு மறதி நோய் வந்து இரண்டு வருஷம் வரைக்கும் யாருக்கும் தெரியவில்லை. எப்போதும் போல அவர் திரும்பிப் பார்த்தார், எப்போதும் போல அவள் சொன்னாள்.

ஓய்வு பெற்று ஒன்றரை வருஷம் கழித்து, ஒருநாள் காலை பழைய தோல்பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். தெருவில் எல்லா வீட்டு மீட்டர் பெட்டியையும் திறந்து பார்த்து, நோட்டில் குறித்துக்கொண்டு, மத்தியானம் வீட்டுக்கு வந்தார். அக்கா நோட்டைப் பிரித்தாள். நாற்பது வீட்டுக்கும் ஒரே எண். டாக்டர் தலையைப் படம் எடுத்துப் பார்த்து நோயின் பெயரைச் சொன்னபோது, "அவருக்கு எப்பவுமே ஞாபகம் கொஞ்சம் கம்மிதான் டாக்டர், நான்தான் எடுத்துக் கொடுப்பேன்" என்றாள் அக்கா. "எத்தனை வருஷமா எடுத்துக் கொடுக்கறீங்க?" என்று டாக்டர் கேட்டார். என் நினைவில், அக்கா பதில் சொல்ல யோசித்த முதல் கேள்வி அது.

அதற்கப்புறம் நான்கு வருஷம் அவரை அவள் தனியாகவே சமாளித்தாள். குளியலறைக் கதவில் குளியலறை என்று எழுதி ஒட்டினாள். அவர் சட்டைப் பைகளில் எல்லாம் தன் செல்போன் எண்ணைத் தைத்தாள். காலையில் எழுந்ததும் அவர் வாயிலிருந்து வரும் முதல் சொல்லை வைத்து அன்றைய நாளைக் கணித்துவிடுவாள். "நீ தூங்கலையா?" என்றால் நல்ல நாள். "நீங்க எப்ப வந்தீங்க?" என்றால் அன்றைக்குக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்ள வேண்டும். முப்பத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்தவர் மரியாதையாகப் பேசினால், அவளை யாரென்று தெரியவில்லை என்று அர்த்தம்.

பக்கத்துத் தெருவில் புதிதாகக் குடிவந்த ஒருவருக்கு இதெல்லாம் தெரியாது. ஒருநாள் அத்தான் மீட்டர் பார்க்க அங்கே போய்விட்டார். யாரோ கிழவன் மதியம் வீட்டுக்குள் நுழைந்து சுவரைத் தடவுகிறான் என்று பயந்துபோய்க் கத்தியிருக்கிறார். அத்தானும் பயந்துபோயிருக்கிறார். பின்னாலேயே ஓடிப்போன அக்கா கையைப் பிடித்து இழுக்க, அவர் உதறிய உதறலில் படிக்கட்டில் விழுந்து அவளுக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது. மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தவளிடம், "இனிமே உன்னால முடியாது. இவங்களுக்குன்னே ஹோம் இருக்கு, பாக்கலாம்" என்றேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. எனக்கும் வீம்பு, நானும் பேசவில்லை. நான்காம் நாள் அவளே கடைக்கு வந்து, "எங்க இருக்கு சொல்லு" என்றாள்.

அவர்களுக்கு ஒரு மகன். வேறு ஊரில் வேலை, இரண்டு குழந்தைகள், கழுத்துவரை வீட்டுக் கடன். நல்ல பையன்தான், ஆனால் வாட்சப் டாக்டர். தினமும் ஒரு வீடியோ அனுப்புவான். அப்பாவுக்குக் குறுக்கெழுத்துப் போடக் கற்றுக்கொடுங்கள், வெறுங்காலில் புல்லில் நடக்கவிடுங்கள் என்பான். "புல்லு எங்கடா இருக்கு, மூணாவது மாடியில?" என்று நான் கேட்டேன். ஹோம் என்றதும், "சித்தி, எவ்வளவு ஆகும்?" என்று கேட்டான். அவனைச் சொல்லி என்ன, எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது.

முதலில் பார்த்த இடம் சாதாரண முதியோர் இல்லம். மேனேஜர் எங்களோடு அத்தானையும் வரச் சொல்லியிருந்தார். "ஐயா, உங்க பேர் என்ன? இங்க எதுக்கு வந்திருக்கீங்க?" என்று கேட்டார். அத்தான், "ரீடிங் எடுக்க" என்று சொல்லிவிட்டு எழுந்து, சாப்பாட்டுக் கூடத்துச் சுவர்களை ஒவ்வொன்றாகப் பார்க்கப் போய்விட்டார். மேனேஜர் முகம் சுருங்கியது. "இப்படி நடமாடறவங்கள எங்களால பாத்துக்க முடியாதும்மா. கேட்டதுக்குப் பதில் சொல்ற நிலையில இருக்கறவங்களத்தான் எடுப்போம்." இரண்டாவது இடம் ஜோராக இருந்தது. தோட்டம், மீன்தொட்டி, ஆளுக்கொரு அறை. கட்டணத்தைக் கேட்டுவிட்டு, மீனை மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

மூன்றாவது இடம் முன்பு சின்ன ஆஸ்பத்திரியாக இருந்த கட்டிடம். பதினான்கு படுக்கை. நடத்துகிறவர் ஓய்வு பெற்ற ஹெட் நர்ஸ். சிரிக்கவும் இல்லை, இனிக்க இனிக்கப் பேசவும் இல்லை. எனக்கு அங்கேயே பிடித்துப்போயிற்று. வராந்தா சதுரமாகச் சுற்றி வந்து புறப்பட்ட இடத்திலேயே முடிந்தது. "நடக்கணும்னா நடக்கட்டும். எங்க நடந்தாலும் கடைசியில என் மேஜைக்குத்தான் வந்து சேருவாங்க" என்றார். கழிப்பறையில் நாற்றம் இல்லை. நான் எல்லாக் கதவையும் திறந்து பார்த்தேன், அவர் தடுக்கவில்லை. அத்தானின் வேலையைக் கேட்டதும் கொஞ்சம் யோசித்து, "பழைய மீட்டர் நாலஞ்சு கிடைச்சா சுவத்துல மாட்டிடலாம், கரென்ட் இல்லாம. ரீடிங் எடுத்துட்டுப் போகட்டும்" என்றார். அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தாள். முடிவு அங்கேயே ஆகிவிட்டது.

பிரச்சினை பணம். அத்தானின் பென்ஷன் முழுசும், அக்காவின் பென்ஷனில் முக்காலும் மாதாமாதம் அங்கே கட்ட வேண்டும். மிச்சக் காலில் அக்கா வாடகை கொடுத்து, சாப்பிட்டு, தன் சர்க்கரை மாத்திரையையும் வாங்க வேண்டும். மகன் முடிந்தபோது அனுப்புவான், நானும் கொடுப்பேன், ஆனால் ஹோம் என்பது ஒரு மாதத்து விவகாரம் இல்லை. பத்து வருஷம்கூட ஆகலாம் என்று ஹெட் நர்ஸே சொன்னார். அப்போதுதான் அத்தானின் அலுவலக நலநிதியில் பராமரிப்புப் படி என்று ஒன்று இருப்பது எனக்கு நினைவு வந்தது. என் கடையில் நகல் எடுக்காத விண்ணப்பமா? அந்தப் படி கிடைத்தால் கட்டணத்தில் ஏறக்குறையப் பாதி வந்துவிடும். நலநிதி டாக்டர் வீட்டுக்கு வந்து அத்தானைப் பார்த்துக் கேள்வி கேட்டு, முப்பதுக்கு மதிப்பெண் போடுவார். காலியாக இருந்த ஒரே படுக்கையை அடுத்த மாதக் கடைசிவரை எங்களுக்காக வைத்திருப்பதாக ஹெட் நர்ஸ் ஒப்புக்கொண்டார். அதற்குமேல் வேறொரு குடும்பம் காத்திருந்தது.

இங்கேதான் எங்கள் புத்தி புல் மேயப் போனது. முதல் இல்லத்தில் அத்தான் பதில் சொல்லாமல் எழுந்து போனதால்தானே வேண்டாம் என்றார்கள்? நன்றாகப் பதில் சொன்னால்தான் எங்கேயும் சேர்த்துக்கொள்வார்கள் என்று அக்கா முடிவு கட்டிவிட்டாள். எனக்கும் அது சரியாகவே பட்டது. மாதிரிக் கேள்விகளைத் தேடிப் பிடித்து பிரிண்ட் எடுத்துக் கொடுத்த மகராசி நான்தான். நான்கு நாள் அவருக்கு டியூஷன் நடந்தது. அவர் உட்காரப்போகும் நாற்காலிக்கு எதிரே காலண்டரை மாட்டி, தேதியைச் சிவப்பு மையில் வட்டமிட்டோம். அக்கா அவருக்கு முகம் மழித்து, நரைத்த மீசையை ஒழுங்காக வெட்டி, சட்டைக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்தாள்.

வந்தவர் ஓர் இளவயது டாக்டரம்மா. அத்தான் அன்றைக்குப் பிரமாதம். யாராவது வெளியாள் வந்தால் அவருக்குப் பழைய சபை மரியாதை வந்துவிடும். தேதியைக் கேட்டதும் காலண்டரைப் பார்த்துச் சொன்னார். எத்தனையாவது மாடியில் இருக்கிறோம் என்றதற்கு, "லிஃப்ட் வேலை செய்யாத மாடியில" என்றார். டாக்டரம்மா விழுந்து விழுந்து சிரித்து அதற்கும் மதிப்பெண் போட்டார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னபோது மூன்று தடவை தானாகவே சரியாகக் கழித்தார். எண்கள் அவரை இன்னும் கைவிடவில்லை. சாவி, பந்து, நாற்காலி என்று மூன்று சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லி, கொஞ்சம் பொறுத்துக் கேட்டார். அக்காவின் உதடு அசைந்தது. அவர் பார்த்துச் சொன்னார்.

"இவங்க யாரு?" என்று அக்காவைக் காட்டிக் கேட்டார் டாக்டரம்மா.

"என்னைப் போய்க் கேக்கறீங்களே, இவங்களுக்குத்தான் எல்லாம் தெரியும். இவங்களையே கேளுங்க."

"நான் அவரோட மனைவி" என்றாள் அக்கா.

"அதேதான்" என்றார் அத்தான்.

டாக்டரம்மா போனபிறகு அக்காவுக்குப் பூரிப்பு தாங்கவில்லை. "பாத்தியாடி, எப்படிப் பதில் சொன்னாரு! பாஸுதான்!" என்று எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள். நானும் வெட்கமில்லாமல் குடித்தேன்.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. இருபத்து நான்கு மதிப்பெண். லேசான மறதி. வீட்டில் இருந்தபடியே பராமரிக்கலாம். படி மறுக்கப்படுகிறது. கடிதத்தை வைத்துக்கொண்டு விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தை அப்போதுதான் புரட்டினேன். பத்துக்குக் கீழே வாங்கினால்தான் படி என்று பொடி எழுத்தில் அச்சடித்திருந்தது. கடைசிப் பக்கத்தைப் படிக்காமல் வருகிறவர்களை நான் என்னவெல்லாம் திட்டியிருக்கிறேன்! தலையில் அடித்துக்கொண்டேன். அக்காவையும் விடவில்லை. "உன்னால ஒரு நிமிஷம் வாய மூடிட்டு இருக்க முடியாதா? அவருக்கா நோவு, உனக்கா?" என்று கத்தினேன். அவள் திருப்பிக் கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தாள். "தோக்கறதுக்குன்னு ஒருத்தரை எப்படிடி உக்கார வைக்கறது?" என்றாள்.

மேல்முறையீடு ஒரே ஒரு தடவைதான் செய்யலாம். அன்று மாலையே எழுதினேன், அன்றே கொண்டுபோய்க் கொடுத்து முத்திரை வாங்கினேன். அடுத்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்குத் தேதி கொடுத்தார்கள். ஹெட் நர்ஸின் கெடு அதற்கு அடுத்த திங்கட்கிழமை.

நடுவில் என் பங்குக்கு ஒரு கூத்து நடந்தது. அக்கா மாவுக்கட்டைப் பிரிக்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். அத்தானை என் கடையில் உட்கார வைத்திருந்தேன். ஒருத்தர் எழுபது பக்கம் நகல் கேட்டு, அதில் பாதி தலைகீழாக வைத்துக் கொடுத்திருந்தார். அவரைத் திட்டி முடித்துத் திரும்பினால் நாற்காலி காலி. தெரு முழுக்க ஓடினேன், கடையைத் திறந்து போட்டபடி. அக்காவுக்கு போன் செய்தேன். அவள் ஒரு கேள்வி கேட்கவில்லை. பேருந்து நிலையத்துக்கு போன் போட்டு, அவருடைய சட்டை நிறத்தைச் சொல்லி எல்லா கண்டக்டர்களுக்கும் தகவல் கொடுக்கச் சொன்னாள். மூன்று மணி நேரம் கழித்து, புறநகர் பஸ் ஒன்று நடத்துனரோடு அவரைக் கொண்டுவந்து இறக்கியது. பெரிய சாலைக்கு அந்தப் பக்கம், பாதி கட்டிய வீட்டில் நின்றுகொண்டிருந்தாராம். செருப்பில்லை. பாதத்தில் ஆணி குத்தி ரத்தம். லாரிகள் பறக்கிற எட்டு வழிச் சாலையை அவர் எப்படிக் கடந்தார் என்று யாருக்கும் தெரியவில்லை.

அக்கா கீழே உட்கார்ந்து அவர் காலைக் கழுவினாள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான்தான் அழுதேன். அத்தான் என்னைப் பார்த்து, "ஏம்மா அழுவறீங்க? பில்லு ஜாஸ்தியா வந்துடுச்சா? எழுதிக் குடுங்க, குறைக்கச் சொல்லலாம்" என்றார். அன்றைக்குத்தான் அக்கா சொன்னாள்: "பேசாம இருக்கறதுக்கு எனக்குச் சொல்லிக் குடு."

சொல்லிக் கொடுத்தேன், என்ன பாடு! மதியம் கூட்டம் குறைந்ததும் கடையில் வகுப்பு. நான் எதிர்ச் சுவரைப் பார்த்துக் கேள்வி கேட்பேன், அவள் வாய் திறக்கக் கூடாது. "இன்னிக்கு என்ன கிழமை?" என்று சுவரைக் கேட்டேன். "வியாழன்" என்றாள். "அக்கா!" "சரி சரி, மறுபடி கேளு." "இது என்ன மாசம்?" வாயைத் திறக்கவில்லை, ஆனால் விரலை விட்டு எண்ணிக் காட்டினாள். கடைசியில் வாயில் தண்ணீரை நிரப்பிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து ஒருத்தர் படியேறி வந்து, பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு எந்த வழி என்று என்னைக் கேட்டார். அக்காவால் முடியவில்லை. மொத்தத் தண்ணீரும் அந்த மனிதர் கையில் இருந்த விண்ணப்பத்தின் மேல். நான் மன்னிப்புக் கேட்டு, காசு வாங்காமல் புதுப் படிவம் அச்சடித்துக் கொடுத்தேன். என் கடை வரலாற்றில் இலவசம் என்பது அதுதான் முதல் தடவை.

அவர் போனதும் இரண்டு பேருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணில் நீர் வர, வயிறு வலிக்கச் சிரித்தோம். எத்தனை மாதம் ஆகியிருந்தது அப்படிச் சிரித்து. சிரித்துக்கொண்டே இருந்தவளுக்கு எப்போது அழுகையாக மாறியது என்று நான் கவனிக்கவில்லை. "கேள்வி கேட்டதும் அவர் என்னத்தான் பாப்பாருடி. பாத்துட்டுக் காத்துட்டு இருப்பாரு. நான் எங்க மூஞ்சிய வெச்சுக்கறது?" என்று கேட்டாள். நான் ஸ்டேப்ளரில் ஊசி போட்டுக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அக்கா முகம் பேயறைந்தது போல இருந்தது. "என்னாச்சு?" என்றேன். "'நீ சாப்பிட்டியா'ன்னு கேட்டாருடி" என்றாள். நல்ல நாள். மாதக்கணக்கில் ஏங்கிக்கொண்டிருந்த சொல், வரக் கூடாத அன்றைக்கு வந்து நிற்கிறது. "இன்னிக்கு மட்டும் மோசமா இருக்கணும்னு விடிஞ்சதிலேருந்து வேண்டிக்கிட்டேன். பொண்டாட்டியாடி நானு?" என்றாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று மட்டும் சொன்னேன்.

நலநிதி அலுவலகம் இரண்டாவது மாடியில். அறையில் ஒரு மேஜை, இரும்பு அலமாரி, சாயம் போன திரை. இந்த முறை பார்த்தவர் மூத்த டாக்டர், தலையெல்லாம் நரை. அத்தானை எதிரே உட்காரச் சொன்னார். அக்கா அவருக்குப் பக்கத்தில், நான் மேஜையின் ஓரத்தில். அக்காவைப் பார்த்து டாக்டர் சொன்னார்: "அம்மா, நான் கேக்கறது அவரைத்தான். நீங்க பேசக் கூடாது, தலையாட்டக் கூடாது, உதடு அசையக் கூடாது. அசைஞ்சா எழுதி மூடிடுவேன். இதுக்கு மேல முறையீடு கிடையாது." அக்கா தலையாட்டப் போனாள், சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

"ஐயா, இன்னிக்கு என்ன கிழமை?"

அத்தான் சிரித்த முகத்தோடு அக்கா பக்கம் திரும்பினார். அக்கா மேஜைமேல் இருந்த முத்திரை மையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் காத்திருந்தார். டாக்டரும் காத்திருந்தார்.

"கொஞ்சம் இருங்க சார்" என்றார் அத்தான், தைரியமாக. "இப்ப சொல்லிடுவாங்க."

அக்கா கண் இமைக்கவில்லை. எலும்பு கூடிய கையின் விரல்களை இன்னொரு கையால் பிடித்து நெரித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் ஏதோ எழுதிவிட்டு அடுத்ததைக் கேட்டார். என்ன மாதம்? திரும்பிப் பார்த்தார். இது என்ன இடம்? திரும்பிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. மூன்று பொருளின் பெயரைச் சொல்லி, சற்றுக் கழித்துக் கேட்டபோது, தன் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார். கடிகாரம் ஒன்று வரையச் சொல்லிக் காகிதம் கொடுத்தார் டாக்டர். அத்தான் ஒரு கட்டம் போட்டு, அதற்குள் ஐந்து எண்களை எழுதினார். மீட்டர். நூறிலிருந்து ஏழைக் கழிக்கச் சொன்னபோது, "தொண்ணூத்தி மூணு" என்றார் உடனே. போச்சு என்று நினைத்தேன். அப்புறம் ஒன்றும் வரவில்லை. மறுபடி அக்காவைப் பார்த்தார்.

இவ்வளவு நேரம் ஒருவர் பார்க்க, ஒருவர் பார்க்காமல் இருப்பதை நான் அதுவரை கண்டதில்லை. ஓடிப்போய் அவள் முகத்தை அவர் பக்கம் திருப்பிவிடலாமா என்று இருந்தது. படியும் வேண்டாம், ஹோமும் வேண்டாம், எழுந்து வா என்று சொல்ல வாய் வரை வந்தது. எட்டு வழிச் சாலையை நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

"இவங்க யாருன்னு சொல்லுங்க ஐயா?" என்று கேட்டார் டாக்டர்.

அத்தான் அக்காவை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். ரொம்ப நேரம். அவள் கன்னத்தில் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது, துடைக்காமல் உட்கார்ந்திருந்தாள். அவருடைய முகம் இளகியது. நாற்காலியை அவள் பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டு, மேஜைமேல் சாய்ந்து, அவளுக்குக் கேட்கக் கூடாது என்பது போல டாக்டரிடம் தணிந்த குரலில் பேசினார்.

"சார், அவங்கள எதுவும் கேக்காதீங்க. நானும் பாத்துட்டே இருக்கேன், பாவம், அவங்களுக்கும் ஒண்ணும் ஞாபகம் இல்ல போலிருக்கு. ஆளுங்க முன்னாடி கேட்டா சங்கடப்படுவாங்க."

டாக்டர் படிவத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, ஒரு கட்டத்தில் குறியிட்டு, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தினார். விண்ணப்பத்தைத் தலைகீழாகப் படிப்பது எனக்குத் தொழில். ஏழு மதிப்பெண். தொடர் கண்காணிப்பு தேவை. கிடைத்துவிட்டது.

"முடிஞ்சுதும்மா" என்றார் டாக்டர். "இப்ப நீங்க பேசலாம்."

அடக்கி வைத்த கிழமையும் மாதமும் ஊரும் பேரும் மடை திறந்தது போல வரும் என்று நான் நினைத்தேன். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அத்தான் பக்கம் திரும்பினாள்.

"ஆமாங்க" என்றாள். "எனக்கும் ஒண்ணும் தெரியல."

அத்தான் அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

"பரவால்லங்க, பயப்படாதீங்க. நான் கூடவே இருப்பேன்ல" என்றார்.

அவரை ஹோமில் கொண்டுபோய் விடுவதற்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.